ஆளில்லா முற்றமும் அலைக்கற்றையும்

பிறனுக்கு உரிய பொருள் ஒன்று வாளா கிடக்கிறது. அதை நான் எடுத்து ஆள்வதால் அவனுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. ஆளாமல் விடுவதால் ஒரு காசும் லாபமில்லை. அப்படியிருக்க, அவனைக் கேளாமலே அதை நான் ஆண்டுகொண்டால் அது களவாகுமா, ஆகாதா என்ற வினா தர்ம சாஸ்திரங்களைப் போலவே பழமையானது. வீட்டையும் வயலையும் நீரையும் முன்னிட்டுப் பல தேசத்துப் பெரியோர்கள் ஆராய்ந்து அலுத்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், கண்ணுக்குத் தெரியாததும் கைக்கு அகப்படாததுமான வானொலி அலைகளை முன்னிட்டு மறுபடியும் தலையெடுத்தது. இம்முறை அதற்கு நொடிக்கு நொடி விடை சொல்லும்படி நியமிக்கப்பட்டது பண்டிதர் சபையன்று, ஒரு யந்திரம் என்பதுதான் புதுமை.

அலைக்கற்றை ஒரு விசித்திரமான சொத்து. சுரங்கம் தோண்டத் தோண்ட வற்றும். அலைவரிசையோ எத்தனை காலம் ஆண்டாலும் அணுவளவும் குறைவதில்லை, ஆளாமல் விட்டாலும் அணுவளவும் சேர்வதில்லை. நேற்றிரவு வெறுமையாய்க் கழிந்த ஓர் அலைவரிசையை இன்றைக்கென்று சேமித்து வைக்க எவராலும் ஆகாது, கழிந்தது கழிந்ததுதான். ஆனால் ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசப் புகுந்தால் இருவர் பேச்சும் கெடும். கடல் எவர்க்கும் தனியுடைமை ஆகாது என்று 1609-இல் வாதிட்ட ஹாலந்து தேசத்து ஹ்யூகோ குரோஷியஸ், ஒருவன் கப்பல் ஓட்டுவதால் மற்றவனுக்குக் கடல் குறைந்துவிடுவதில்லை என்பதையே தம் வாதத்திற்குப் பெரிய ஆதாரமாகக் கொண்டார். அலைக்கற்றை குறையாமையில் கடலை ஒத்தது. நெருக்கடியில் நிலத்தை ஒத்தது. இந்த இரட்டைச் சுபாவமே அதைப் பற்றி எழுந்த வழக்குகளுக்கெல்லாம் மூலம்.

தொடக்கத்தில் அது கடலாகவே கருதப்பட்டது. வேண்டியவர் வேண்டிய இடத்தில் பேசினார்கள். 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, அருகில் நின்றிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலின் தந்தியாளர் பனிப்பாறைகளைப் பற்றி எச்சரிக்க முயன்றபோது, கேப் ரேஸ் என்னும் கரை நிலையத்தோடு பிரயாணிகளின் தந்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்த டைட்டானிக் தந்தியாளர், தம் வேலைக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று அவரைக் கடிந்து அடக்கிவிட்டார்; சிறிது நேரத்தில் கலிபோர்னியன்காரர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். அதன் பிறகு நேர்ந்ததை உலகம் அறியும். அவ்வாண்டே அமெரிக்கா, லைசென்ஸ் இன்றி எவரும் வானில் பேசலாகாது என்று சட்டம் செய்தது. 1926-இல் ஒரு நீதிமன்றம், அலைவரிசையை ஒதுக்கும் அதிகாரம் வர்த்தக மந்திரிக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல, சில மாதங்கள் அமெரிக்க வானம் சந்தைக்கடையாயிற்று. 1927-இல் புதிய சட்டமும் புதிய ஆணையமும் வந்து, இன்னாருக்கு இன்ன அலைவரிசை என்று வானத்தில் வரப்புப் போட்டன. வரப்புப் போட்டதோடு நில்லாமல் அதை விற்றுவிட்டால் என்ன என்று 1959-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியல் அறிஞர் கேட்டபோது நகைத்தவர் பலர். 1994 முதல் அமெரிக்க அரசே ஏலம் போடத் தொடங்கியது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம், 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தெளிவாகக் கூறியது. பொதுச் சொத்து என்ற பிரகடனத்திற்கும் ஏலச் சீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அதுவே ஒரு தனிப் புராணமாகும்; இங்கே அது வேண்டாம்.

வரப்புகள் எல்லாம் போட்டு முடிந்த பிறகு ஒரு வேடிக்கை புலப்பட்டது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அமைத்த பணிக்குழு, 2002 நவம்பரில் அளித்த அறிக்கையில், அலைக்கற்றைக்குப் பஞ்சம் என்று ஊரெல்லாம் கூக்குரலிடும்போதே, ஒதுக்கிக் கொடுக்கப்பட்ட அலைவரிசைகளில் பல, பல இடங்களிலும் பல வேளைகளிலும் பேசுவாரின்றிக் கிடக்கின்றன என்றும், உள்ள குறை பெரும்பாலும் பொருளின் குறையன்று, பொருளை அணுக வழியில்லாத குறையே என்றும் எடுத்துக் காட்டியது. ஏட்டில் இடமில்லை, வானில் இடமுண்டு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1999-இல், ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் 'காக்னிட்டிவ் ரேடியோ' என்றொரு கற்பனையை வெளியிட்டிருந்தார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்து ராஜாங்கத் தொழில்நுட்பக் கழகத்தில் அதையே ஆராய்ச்சி நூலாக விரித்தார். சுற்றுச் சூழலைக் கவனித்து, தன் நிலையை உணர்ந்து, ஆலோசித்து, தீர்மானித்து, செயல்பட்டு, செயலின் பலனிலிருந்து கற்றுக்கொள்ளும் வானொலிக் கருவி என்பது அவர் கருத்து. அறிவார்ந்த வானொலி என்று தமிழில் சொல்லலாம். அலைவரிசைக்கு உரியவன் முதல்வன். அவன் இல்லாத வேளையில் அதை ஆள்பவன் இரண்டாமவன். இரண்டாமவனுடைய கருவி ஓயாது காது கொடுத்துக் கேட்கும். முதல்வன் பேசவில்லை என்று கண்டால் அந்த வெற்றிடத்தில் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். முதல்வன் வாய் திறந்த மாத்திரத்தில் இடத்தைக் காலிசெய்து வேறிடம் தேடும். தொலைக்காட்சி அலைவரிசைகளுக்காக 2011-இல் வெளியான 802.22 என்ற பொறியியல் விதி, முதல்வன் வந்ததை அறிந்தபின் இரண்டு விநாடிக்குள் விலகிவிட வேண்டும் என்று கணக்கிட்டே சொல்கிறது.

இனி, முதலில் கேட்ட வினாவுக்கு வருவோம். அதை நான் அறிந்த அளவில் மிகக் கூர்மையாக எழுப்பியவர்கள் பாபிலோனிய யூத ஆசாரியர்கள். தால்முத் என்னும் பெருநூலில், நஷ்டங்களை ஆராயும் 'பாபா கம்மா' என்ற பகுதியில் அந்த விவாதம் இருக்கிறது. ரப் ஹிஸ்தா என்பவர் ராமி பர் ஹாமாவைப் பார்த்து, நேற்று நீர் எங்களோடு இல்லாமற் போனீர், அருமையான விஷயங்களை விசாரித்தோம் என்கிறார். என்ன அருமை என்று கேட்க, ஒருவன் பிறனுடைய முற்றத்து வீட்டில் அவனுக்குத் தெரியாமல் குடியிருந்தால் வாடகை கொடுக்க வேண்டுமா, வேண்டாவா என்பதே அந்த விசாரம் என்று சொல்கிறார். விடை எனக்குத் தெரியும், ஆனால் முதலில் எனக்குப் பணிவிடை செய்யும் என்று ராமி பர் ஹாமா விளையாட்டாகச் சொல்ல, ரப் ஹிஸ்தா அவருடைய மேலாடையை எடுத்து மடித்துக் கொடுத்தாராம். பிறகு ராமி பர் ஹாமா சொன்ன விடை பொருத்தமானதன்று என்று பின்னால் வந்த ராவா என்பவர் மறுத்தது வேறு கதை. சாஸ்திர விசாரத்தின் நடுவே இப்படி ஓர் ஆடையை மடிக்க இடம் வைத்த அந்த நூலாசிரியர்கள்மேல் எனக்குத் தனி அன்பு உண்டு.

விசாரத்தின் நுட்பத்தைப் பாருங்கள். வாடகைக்கு விடும் வீடு, வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வழக்கமுள்ள மனிதன் என்றால் ஐயமே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். வாடகைக்கு விடாத வீடு, காசு கொடுத்துக் குடியிருக்கும் அவசியமே இல்லாத மனிதன் என்றாலும் ஐயமில்லை, கொடுக்க வேண்டியதில்லை. சிக்கல் மூன்றாவது வகையில்தான்: வீடு வாடகைக்கு விடப்படுவதில்லை, ஆகவே உடையவனுக்கு நஷ்டமில்லை, குடிபுகுந்தவனோ வேறெங்கேனும் வாடகை கொடுத்திருக்க வேண்டியவன், ஆகவே அவனுக்கு லாபமுண்டு. இவன் பயனடைகிறான், அவன் இழக்கவில்லை. இப்படிப்பட்ட நிலையிலும் என்னுடையது என்னுடையதே என்று விடாப்பிடியாக நிற்பதைச் சோதோம் நகரத்தாரின் குணம் என்று அந்த ஆசாரியர்கள் பழித்திருக்கிறார்கள். அழிவுக்கு உள்ளான அந்நகரின் பாவம், கொடுத்தாலும் குறையாததைக் கொடுக்க மறுத்தது என்பது அவர்கள் கருத்து. ஆனால் அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. குடியிருந்தவனால் சுவர் புகையேறிக் கறுத்துப்போயிருந்தால்? அற்பமானாலும் நஷ்டம் நஷ்டமே. நஷ்டம் என்று ஒன்று வந்துவிட்டால் இலவசம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பிற்காலத்து உரைகாரர்களில் சிலர் இன்னும் ஓர் எல்லை வகுத்தார்கள். குடியிருந்து முடித்தவனிடம் வாடகை கேட்க உடையவனுக்கு நியாயமில்லை என்பது வேறு, உள்ளே விடமாட்டேன் என்று முதலிலேயே தடுக்க உரிமை உண்டு என்பது வேறு என்றார்கள்.

அமெரிக்க ஆணையத்தார் தால்முத் படித்தார்களா என்று நான் அறியேன். ஆனால் அவர்கள் நடந்த பாதையில் அதே மேடு பள்ளங்கள் வந்தன. 2003-இல் அவர்கள் ஒரு திட்டத்தை ஆலோசனைக்கு வைத்தார்கள். எந்த அலைவரிசையிலும் இயற்கையாகவே கொஞ்சம் இரைச்சல் உண்டு; அதற்குமேல் இவ்வளவு வரை இரைச்சல் ஏறலாம் என்று ஓர் அளவைக் கட்டிவிட்டு, அந்த அளவுக்குள் அடங்கி, முதல்வன் பேசிக்கொண்டிருக்கும் போதே அவன் பேச்சின் அடியில் மற்றவர்களும் மெல்லப் பேசலாம் என்பது திட்டம். 'இடையூற்று வெப்பநிலை' என்று அதற்குப் பெயரிட்டார்கள். சுவர் சிறிது கறுத்தால் என்ன, வீடு இடிந்துவிடவில்லையே என்பதுதான் அதன் தாத்பரியம். உரிமையாளர்கள் ஒருமிக்க எதிர்த்தார்கள். ஒவ்வொருவர் எழுப்பும் இரைச்சலும் அற்பமாயினும் பலருடைய அற்பங்கள் கூடி என்னவாகும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியவில்லை. 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஆளில்லாத வேளையில் குடிபுகும் வழி கைவிடப்படவில்லை. 2008 நவம்பரில், தொலைக்காட்சி நிலையங்கள் ஆளாமல் விட்ட வெற்றிடங்களில் லைசென்ஸ் இல்லாத கருவிகள் பேசலாம் என்று ஆணையம் அனுமதித்தது. உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் உரிமை உடையவனிடமிருந்து எடுபட்டது. சுவரைக் கறுக்கச் செய்யாதே என்று சொல்லும் உரிமை மட்டும் அவனிடம் நின்றது. உரைகாரர்கள் தயங்கிய இடத்தை அரசு ஒரே அடியில் தாண்டிவிட்டது என்றே சொல்ல வேண்டும். வான் அலைகளை உடையவன் லைசென்ஸ்காரன் அல்லன், அவனே ஒரு குடியிருப்பவன்தான் என்ற கொள்கைக்கு அது நியாயமான முடிவும்கூட.

இதுவரை பேசியது தர்மம். ஆனால் பிரச்சினையின் உயிர்நிலை தர்மத்தில் இல்லை, பிரமாணத்தில், அதாவது அறியும் வழியில், இருக்கிறது என்பது என் துணிபு. முதல்வன் இல்லை என்பதை இரண்டாமவன் எப்படி அறிகிறான்?

உள்ளதை அறிவது எளிது. இல்லாததை அறிவது எப்படி என்று நம் தார்க்கிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை என்ற ஞானம் எந்தப் பிரமாணத்தால் வருகிறது? கண்ணாலேதான், பிரத்யக்ஷமே போதும் என்றார்கள் நையாயிகர்கள். இல்லாத பொருளோடு கண்ணுக்கு எப்படிச் சம்பந்தம் உண்டாகும் என்று கேட்டு, காணாமை என்பதே ஒரு தனிப் பிரமாணம், அதற்கு அநுபலப்தி என்று பெயர் என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். அத்வைதிகளும் அதை ஏற்றார்கள். நம் மணிமேகலையிலும், வஞ்சி மாநகரில் சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில், பிரமாணங்களின் வரிசையில் இன்மையை அறிவதாகிய அபாவம் இடம்பெற்றிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சோழ நாட்டவரான தர்மராஜ அத்வரீந்திரர் இயற்றிய வேதாந்த பரிபாஷை, இந்த அநுபலப்திக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது.

அதில் வற்புறுத்தப்படும் நிபந்தனைதான் நமக்கு வேண்டியது. காணவில்லை என்ற மாத்திரத்தில் இல்லை என்று முடிவு கட்டலாகாது. இருந்திருந்தால் நிச்சயமாகக் கண்டிருப்பேன் என்று சொல்லத்தக்க சூழ்நிலையில் காணாமற் போனால்தான் அந்தக் காணாமை பிரமாணமாகும். இதற்கு யோக்யாநுபலப்தி என்று பெயர். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பது குடம் இல்லாமைக்குச் சாட்சியாகாது. சுபாவத்திலேயே புலன்களுக்கு எட்டாத தர்ம அதர்மங்கள் தென்படவில்லை என்பதும் அவை இல்லாமைக்குச் சாட்சியாகாது.

அறிவார்ந்த வானொலியின் துன்பமெல்லாம் இந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. அது ஒரு கட்டடத்தின் மறைவிலோ மலையின் சரிவிலோ இருந்தால், நிலையம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தும் அதன் காதில் விழாது. அலைவரிசை வெறுமை என்று நம்பித் தானும் பேசத் தொடங்கும். மறைவில்லாத அடுத்த வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவனுடைய படம் கலையும். இதனால்தான் 2008-ஆம் ஆண்டு விதி, தொலைக்காட்சி அலை மைனஸ் 114 டிபிஎம் அளவுக்கு நலிந்து வந்தாலும் கருவி அதைக் கண்டுகொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு வாட் சக்தியைக் கோடி கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றின் பாதிக்கும் குறைவான வலிமை அது. கருவியின் உள்ளே தானாகவே எழும் இரைச்சலைவிடத் தாழ்ந்தது. அந்த இரைச்சலின் அளவையே திட்டமாக அறிய முடியாதபோது, ஓர் எல்லைக்குக் கீழே எவ்வளவு நேரம் காத்துக் கேட்டாலும் ஐயம் தீராது என்று கணிதத்தாலேயே நிறுவியிருக்கிறார்கள். பொறுமை மட்டும் இருந்தால் உண்மை புலப்படும் என்ற நம்பிக்கைக்கு இயற்கை இட்ட சுவர் அது.

ஐயம் தீராத இடத்தில் எந்தப் பக்கம் தவறுவது என்பதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இல்லாத முதல்வனை இருப்பதாக எண்ணி ஒதுங்கினால் இழப்பு இரண்டாமவனுக்கு. இருக்கும் முதல்வனை இல்லையென்று எண்ணிப் புகுந்தால் இழப்பு முதல்வனுக்கு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். பொறியாளர் கருவியில் ஓர் எண்ணைத் திருகி வைக்கும்போது, யாருடைய நஷ்டம் பெரிது என்ற தர்ம நிர்ணயத்தையே செய்து முடித்துவிடுகிறார். அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு நீதிபதி உட்கார்ந்திருப்பதை நாம் பார்ப்பதில்லை. செவியை அடைத்துவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் வைஃபை கருவிகள், ராடார்கள் உள்ள அலைவரிசையில் நுழையுமுன் ஒரு முழு நிமிஷம் மௌனமாகக் கேட்க வேண்டும், பிறகு ராடார் தலைகாட்டினால் பத்து விநாடிக்குள் விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது என்பது விதி. 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்தருகே, விமானங்களைக் கவிழ்க்கவல்ல திடீர்க் காற்றுகளைக் கண்டறியும் வானிலை ராடாரின் திரையில், மையத்திலிருந்து விளிம்பு வரை விசிறிக் கம்பிகளைப் போல் கோடுகள் தோன்றலாயின. தேடிப்போன அதிகாரிகள், கட்டட உச்சிகளில் வைத்த இணையச் சேவைக் கருவிகளில் சில, கேட்டு விலகும் அந்தக் குணத்தை முடக்கி வைத்த நிலையில் இயங்கக் கண்டார்கள். அவற்றுக்கு வானம் எப்போதும் வெறுமையாகவே இருந்தது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பொறியியல் நூல்கள் ஒரு பத்தியில் கடந்து செல்லும் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கருவி காது கொடுத்துக் கேட்பது பேசுகிறவனை. ஆனால் இடையூற்றால் துன்பப்படுகிறவன் பேசுகிறவன் அல்லன், கேட்கிறவன். தொலைக்காட்சிப் பெட்டி தான் இருப்பதை அறிவித்துக் கூவுவதில்லை. பேசுகிறவன் எங்கே என்று தேடி, அதிலிருந்து கேட்கிறவன் எங்கே இருக்கக்கூடும் என்று அநுமானிக்க வேண்டியிருக்கிறது. இதன் உச்சத்தை வானொலி வானவியலில் காணலாம். பிரபஞ்சத்து ஹைட்ரஜன் அணுக்கள் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் மிக மெல்லிய அலையை வெளியிடுகின்றன. 1951-இல் ஹார்வர்டில் யூவன், பர்செல் என்ற இருவர் முதன்முதலில் அதைக் கண்டார்கள். அதன்பொருட்டு 1400 முதல் 1427 வரையிலான பகுதியில் பூமியில் எவரும் எதுவும் பேசலாகாது என்று சர்வதேச விதி ஏற்பட்டிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கிலும், புனேக்கு வடக்கே நாராயண்காவின் அருகிலும் நிற்கும் தொலைநோக்கிகள் அந்த மௌனத்தில்தான் வேலை செய்கின்றன. இப்போது ஓர் அறிவார்ந்த வானொலியை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். அது கேட்கும், ஒரு நிமிஷம் அல்ல, ஒரு வருஷம் கேட்டாலும் மனிதக் குரல் எதுவும் விழாது, இதைவிட ஆளில்லாத இடம் எது என்று மகிழ்ந்து குடிபுகும். உண்மையில் வானத்திலேயே மிக மும்முரமாக ஆளப்படும் இடம் அது. இங்கே முதல்வன் புலனுக்கு யோக்கியமானவனே அல்லன். எனவே அவனைக் கேளாமை அவன் இன்மைக்குப் பிரமாணமாகாது என்று அத்வரீந்திரர் சொல்லியிருப்பார். மனிதர் விஷயத்திலும் இப்படித்தான் என்று விரித்துக்கொண்டு போகலாம். படிப்பவர்களுக்கே அது தோன்றும் என்று விடுகிறேன்.

பிரத்யக்ஷம் கைவிட்டபோது ஆணையத்தார் நம் முன்னோர் செய்ததையே செய்தார்கள். நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்த வாக்கியத்தைச் சரணடைந்தார்கள். 2010 செப்டம்பரில், தன் இருப்பிடத்தை அறிந்து, நம்பத்தக்க ஒரு பதிவேட்டை நாள்தோறும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கருவி, தானாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. எந்த ஊரில் எந்த அலைவரிசை வெறுமை என்பது இனிக் கருவியின் அநுபவமன்று, ஏட்டின் சொல். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மிட்டோலா கனவு கண்ட, உணர்ந்து தெளியும் யந்திரம் இப்படிக் கேட்டதைச் செய்யும் குமாஸ்தாவாக முடிந்ததைக் கண்டு சிலர் வருந்தினார்கள். எனக்கு வருத்தமில்லை. தன் புலனின் எல்லையை அறிந்து, தன்னினும் அதிகம் அறிந்தாரைக் கேட்டு நடப்பதும் அறிவுதான். ஆனால் ஏட்டில் எழுத முடியாத முதல்வர்களும் இருக்கிறார்களே! 2015-இல் அமெரிக்கா 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியைப் பொதுவில் பகிரத் திறந்தபோது, அங்கே முதல்வனாக இருந்தது கடற்படையின் ராடார். தன் கப்பல் இன்று எந்தக் கரையோரம் நிற்கிறது என்று எந்தக் கடற்படை பதிவேட்டில் எழுதிக் கொடுக்கும்? ஆகவே கரை நெடுகிலும் கேட்கும் கருவிகளை நட்டு, ராடார் ஒலித்ததும் அவை மைய நிர்வாகக் கணினிக்கு அறிவிக்க, கணினி மற்றவர்களை விலக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆப்த வாக்கியம் வாய் மூடிய இடத்தில் பிரத்யக்ஷம் மறுபடியும் காது திறந்தது.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் கேள்வி கேட்கப்படாமல் நிற்கும் ஒன்று உண்டு: முதல்வன் ஏன் முதல்வன்? முன்னே வந்தான், அல்லது முன்னே பணம் கட்டினான் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வார் இல்லை. ஆனால் தேவையால் முதன்மை பெற்றவன் என்ற எண்ணம் வானொலி உலகத்துக்குப் புதிதன்று. பழைய கப்பல்களின் தந்தி அறைக்குள் சென்றவர்கள் சுவரில் மாட்டியிருந்த ஒரு கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் முகத்தில் பதினைந்தாவது நிமிஷத்திலிருந்து பதினெட்டு வரையிலும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரையிலும் இரண்டு சிவப்புத் துண்டங்கள் தீட்டப்பட்டிருக்கும். பேச்சு வானொலிக்கென்று மணியின் தலைப்பிலும் அரை மணியிலும் இரண்டு பச்சைத் துண்டங்கள். நிமிஷ முள் சிவப்பில் புகுந்தால், 500 கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு அவசரமான வியாபாரத் தந்தியை அடித்துக்கொண்டிருந்தாலும் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, செவிக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் கேட்க வேண்டும். பசிபிக்கில் இருந்தாலும் அட்லாண்டிக்கில் இருந்தாலும், கோடீசுவரர் பிரயாணம் செய்யும் கப்பலானாலும் கரி ஏற்றிய கப்பலானாலும் விதி ஒன்றே. எங்கோ மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவனுடைய நலிந்த சமிக்ஞை மற்றவர்களுடைய ஆரவாரத்தில் புதைந்து போகாதிருக்கவே இந்த விரதம். இங்கே முதல்வன் பட்டயம் பெற்றவன் அல்லன். அந்த நிமிஷத்தில் யார் ஆபத்தில் இருக்கிறானோ அவனே முதல்வன், மற்றவர் எல்லாரும் இரண்டாமவர். 1999 பிப்ரவரியில் செயற்கைக் கோள்களைக் கொண்ட புதிய பாதுகாப்பு முறை முழுதாக நடைமுறைக்கு வந்து, இந்த வழக்கத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. அதே ஆண்டுதான் மிட்டோலாவின் கட்டுரையும் வந்தது. கேட்டுவிட்டுப் பேசும் கலையை மனிதர் கைவிட்ட வருஷத்தில் யந்திரத்துக்குக் கற்பிக்கத் தொடங்கியது காலத்தின் குறும்பு.

பழைய விதியின் உயர்வு புதிய விதியில் இல்லை என்றாலும், நான் மெச்சும் ஓர் அம்சம் அந்த 3550 மெகாஹெர்ட்ஸ் ஏற்பாட்டில் உண்டு. அங்கே மூன்று படிகள். மேற்படியில் கடற்படையும் மற்றப் பழைய பாத்தியதையாளர்களும். நடுப்படியில் 2020-இல் ஏலத்தில் 450 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து முன்னுரிமை வாங்கியவர்கள். கடைப்படியில் காசு கொடுக்காத பொதுஜனம். நடுப்படியினர் அவ்வளவு விலை கொடுத்தும், தாம் ஆளாத இடத்தில், ஆளாத வரையில், கடைப்படியினர் வந்து ஆள்வதைத் தடுக்க முடியாது. கடைப்படியினருக்கு நாளை இடமுண்டு என்ற உறுதி எதுவும் இல்லை என்பதும் மெய்தான். ஆனாலும் கொடுத்த விலை ஆள்வதற்குத்தானே ஒழிய, பிறரை ஆளவிடாமல் செய்வதற்கு அன்று என்று அங்கே சட்டமே எழுதிவிட்டது.

நம் நாட்டில், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், போதிய காரணமின்றி ஆளாமல் விடப்பட்ட அலைக்கற்றையின் ஒதுக்கீட்டை ரத்துச் செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அது நல்லதே, ஆனால் ஒருவனிடமிருந்து பறித்து மற்றொருவனுக்கு விற்பது உடையவனை மாற்றுவதாகுமே தவிரப் பகிர்வதாகாது. பறிக்க வேண்டிய அளவுக்குக் காலம் கழியும் வரை, ஆளாத அலைவரிசை ஆளில்லாத வீடாகவே பூட்டிக் கிடக்கக்கூடும். ஆகவே, அடுத்த ஏலத்தின் நிபந்தனைகளை எழுதுகிறவர்கள், உடையவன் ஆளாத ஊரில் ஆளாத நாள்வரையில், கேட்டும் விசாரித்தும் ஒதுங்கியும் நடக்கும் கருவிகள் அங்கே காசின்றிப் பேசலாம் என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வானவியலாருக்கு ஒதுக்கிய பகுதியைமட்டும் அந்த வரியிலிருந்து மறவாமல் விலக்கிவிட வேண்டும்.